ஃபியூல் பம்புக்கு ரிலே: ஓட வைப்பது யார், நிறுத்துவது யார்?

இன்ஜெக்ஷன் காரில் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ஒரு ரீங்காரம் வந்து நின்றுவிடும். டேங்குக்குள் இருக்கும் ஃபியூல் பம்ப் ஓடி, லைனில் பெட்ரோலை ஏற்றிவிட்டு நிற்கிறது. அதை ஓடச் சொன்னது சாவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சாவி நேரடியாக எதையும் ஓட்டவில்லை. நடுவில் ஒரு ரிலே இருக்கிறது, அந்த ரிலேக்கு மேலே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போடுபவர்களும், இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் வயரிங் கருகிப்போய் புதிதாக இழுக்க வேண்டியவர்களும் முதலில் தேடுவது ஒரு படத்தைத்தான்: எந்தக் காலில் எந்த வயர்? அந்தப் படம் ரிலேயின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து இணைத்தால் பம்ப் ஓடிவிடும். ஆனால் ஃபியூல் பம்ப் விஷயத்தில் ஓட வைப்பது பாதி வேலைதான். என்ஜின் நின்றால் பம்பும் தானாக நிற்க வேண்டும். அந்த மீதிப் பாதி படத்தில் இருக்காது.

முதலில், ரிலே எதற்கு? கார்புரேட்டர் வண்டிக்கான சின்னப் பம்ப் ஒன்றிரண்டு ஆம்பியர் இழுக்கும். இன்ஜெக்ஷன் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும், அதனால் 4 முதல் 8 ஆம்பியர் வரை கேட்கும். இவ்வளவு கரண்டையும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குக் கொண்டுபோய், சாவி ஸ்விட்சின் சின்ன காண்டாக்ட் வழியாக விட்டு, அங்கிருந்து வண்டியின் வால்வரை இழுத்தால் இரண்டு தொல்லை. ஸ்விட்ச் சூடாகும், நாளடைவில் கருகும். அதைவிடப் பெரிய தொல்லை, வழியிலேயே வோல்ட் தொலைந்துபோகும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.017 ஓம் தடை. 5 மீட்டர் ஓடினால் 0.085 ஓம். 6 ஆம்பியர் போனால் அரை வோல்ட் வயரிலேயே போய்விட்டது. சாவிக்குச் சுற்றிப் போகும் கூடுதல் தூரம், பழைய ஸ்விட்சின் காண்டாக்ட், வழியில் இரண்டு மூன்று கனெக்டர், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்தால் இரண்டு வோல்ட் காணாமல் போவது அபூர்வம் இல்லை. பேட்டரியில் 13.8 இருக்கும், பம்பின் வாயில் 12-க்கும் கீழே இருக்கும். பம்பின் மோட்டார் வோல்ட்டுக்கேற்ற வேகத்தில்தான் சுற்றும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் வண்டி மூச்சு வாங்கும். பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதுப் பம்ப் மாற்றுவார்கள், அதுவும் அதே மாதிரி ஓடும்.

ரிலே இதைத் தீர்க்கும் விதம் ரொம்ப எளிது. வயல் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி பார்த்திருப்பீர்கள். பச்சைப் பொத்தானை அமுக்கும்போது நம் விரல் மோட்டார் கரண்டைத் தொடுவதில்லை. உள்ளே இருக்கும் காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் போகிறது, காயில் காந்தமாகிப் பெரிய காண்டாக்டை இழுத்து மூடுகிறது. மோட்டார் ஓடுகிறது. லைன் போனால் காயில் விட்டுவிடும், மோட்டார் நிற்கும். கார் ரிலே அதே பெட்டிதான், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில். உள்ளே இருக்கும் காயிலின் தடை சுமாராக 80, 90 ஓம். 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர் இருந்தால் அதற்குப் போதும். அது மூடும் காண்டாக்டோ 30 ஆம்பியர் தாங்கும். ஆக சாவியிலும் டேஷ்போர்டு வயரிலும் போக வேண்டியது அந்த 0.15 மட்டும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் பம்புக்குப் போய்விடும்.

கால்களில் உள்ள எண்கள்

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். இவை ஜெர்மானியத் தரமான டிஐஎன் 72552-லிருந்து வந்தவை. ரிலே செய்பவர்களில் பெரும்பாலோர் இதையே பின்பற்றுவதால் ஒருமுறை தெரிந்துகொண்டால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரிலேக்களுக்கும் பொருந்தும். 30 என்றால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக வருவது. 87 ரிலே மூடியதும் கரண்ட் வெளியே போகும் கால், பம்ப் இங்கே. 86-ம் 85-ம் காயிலின் இரண்டு முனைகள், வழக்கப்படி 86-க்குப் பாசிட்டிவ், 85-க்கு எர்த். அதே தரத்தில் சாவி ஆன் ஆனால் கரண்ட் வரும் லைனுக்கு 15 என்றும் ஸ்டார்ட்டருக்குப் போகும் லைனுக்கு 50 என்றும் பெயர். கீழே இவற்றையும் சொல்வேன்.

ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும். புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ரிலே தூங்கும்போது 30-ம் 87ஏ-ம் உள்ளுக்குள் இணைந்திருக்கும். ரிலே இழுத்ததும் 87ஏ விடுபட்டு 87 இணையும். பம்ப் வயரைத் தெரியாமல் 87ஏ-வில் போட்டால், சாவியை ஆஃப் செய்ததும் பம்ப் ஓட ஆரம்பிக்கும், ஆன் செய்தால் நிற்கும். 30 எப்போதும் பேட்டரியோடு இருப்பதால், வண்டி நிற்கும்போது யாருக்கும் தேவையில்லாத அந்த 87ஏ காலில் எந்நேரமும் 12 வோல்ட் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பம்புக்கு நாலு கால் ரிலேயே போதும், அதையே கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ரிலேக்களில் 30-ம் 86-ம் இடம் மாறிய வகை ஒன்று உண்டு. பழைய ரிலேயைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது வடிவத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

வயர் இழுப்பது

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால், என்ஜின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் தங்கியிருக்கும். பெட்ரோல் குழாயைத் தொட வேண்டியிருந்தால் அந்த அழுத்தத்தை இறக்காமல் தொடக்கூடாது. முகத்தில் பீய்ச்சும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் வயரில், ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வந்துவிட வேண்டும். பியூஸ் பம்பைக் காப்பாற்றுவதற்கு அல்ல, வயரைக் காப்பாற்றுவதற்கு. பேட்டரிக்கும் பியூசுக்கும் இடையில் உள்ள வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தடுக்க ஆளில்லை, அதனால்தான் அந்த நீளம் குறைவாக இருக்க வேண்டும். ஆறு ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் நீல நிற 15 ஆம்பியர் பியூசும் சரியாக இருக்கும். ஒன்றிரண்டு ஆம்பியர் பம்பென்றால் சிவப்பு நிற 10 ஆம்பியரே தாராளம். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியரைச் செருகுவது தீ வைப்பதற்குச் சமம். பம்ப் ஜாம் ஆகிறதா, வயர் எங்காவது உரசுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பியூசிலிருந்து 30-க்கு, 87-லிருந்து பம்பின் பாசிட்டிவுக்கு. பம்பின் நெகட்டிவை பாடியில் எர்த் செய்யும்போது பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பாசிட்டிவ் பக்கம் காட்டும் அக்கறையில் பாதிகூட எர்த்துக்கு யாரும் காட்டுவதில்லை. கரண்டுக்கு இரண்டும் ஒன்றுதான்: போகும் வழியில் தொலையும் வோல்ட்டும் திரும்பும் வழியில் தொலையும் வோல்ட்டும் பம்புக்கு நஷ்டமே.

வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரை இதற்கு எடுக்காதீர்கள். என்ஜின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் நடுவில் ஓட அது செய்யப்பட்டதல்ல. நுண்ணிய இழைகள் கொண்ட ஆட்டோ வயர் வாங்கி, முனைகளைச் சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்கிவிடுங்கள். என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடான ஃபயர்வாலின் ஓட்டையில் ரப்பர் இல்லாமல் வயரை நுழைக்கக்கூடாது. ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் உள்ளே தங்காது. சைலன்சர் குழாய்க்குப் பக்கம் வேண்டாம். டேங்க் மூடிக்குப் பக்கமும் வேண்டாம். காண்டாக்ட் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே சின்னதாகப் பொறி பறக்கும், பெட்ரோல் ஆவி தேங்கும் இடத்தில் அது கூடாது.

86-க்குச் சாவி லைன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாவியில் ரேடியோவுக்குப் போகும் லைனும், இக்னிஷனுக்குப் போகும் 15 லைனும் தனித்தனி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ரேடியோ லைனில் கரண்ட் நின்றுவிடும். அந்த லைனை 86-க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? சாவி ஆன் நிலையில் பம்ப் ஓடும், ஸ்டார்ட் அடிக்கும்போது மட்டும் நிற்கும். வண்டி சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது, காரணம் தெரியாமல் மண்டை காயும். வயரை வெட்டும் முன் டெஸ்ட் லாம்பை வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி, அப்போதும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது மிஞ்சியிருப்பது 85.

85-ஐ யாரிடம் கொடுப்பது?

பாடியில் எர்த் செய்துவிட்டால் பம்ப் ஓடும். பலரும் அங்கேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். என் கருத்தில் அப்படி ஒரு வண்டியை ரோட்டில் விடவே கூடாது. ஏனென்றால் மெக்கானிக்கல் பம்ப் என்ஜினின் கேம் ஷாஃப்டால் ஓடுவது, என்ஜின் நின்றால் அதுவும் நின்றாக வேண்டும். எலக்ட்ரிக் பம்புக்கு என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாது. வண்டி மோதி, என்ஜின் நின்று, பெட்ரோல் குழாய் அறுந்து, சாவி மட்டும் ஆன் நிலையில் இருக்கிறது என்று வையுங்கள். ஓட்டியவர் சாவியைத் தேடும் நிலையில் இல்லை. பம்ப் தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும்.

இன்ஜெக்ஷன் கார்களில் இதை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலானவற்றில் 86-க்கு சாவியிலிருந்து பாசிட்டிவ் வந்து காத்திருக்கும், 85-க்கு எர்த் கொடுப்பது ஈசியூ. சாவி ஆன் ஆனதும் இரண்டு மூன்று விநாடி எர்த் கொடுத்துப் பம்பை ஓட்டும், பிறகு விட்டுவிடும். கிராங்க் சென்சாரிலிருந்து என்ஜின் சுற்றுகிறது என்ற துடிப்பு வந்தால்தான் மறுபடி கொடுக்கும். துடிப்பு நின்றால் பம்பும் நிற்கும். ஆரம்பத்தில் கேட்ட அந்த ரீங்காரத்தின் கதை இதுதான். ஈசியூவின் அந்த ஒரு அவுட்புட் எரிந்துபோன வண்டிகளில் 85-ஐ பாடியில் எர்த் செய்து அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. வண்டி ஓடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். தன் வண்டியில் இருந்த ஒரு காவலை இழந்தது அவருக்குத் தெரியாது.

கார்புரேட்டர் வண்டியில் ஈசியூ இல்லை, அந்த வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டும். பழைய வழி, ஆயில் பிரஷர் ஸ்விட்ச். என்ஜின் ஓடினால் ஆயில் அழுத்தம் இருக்கும், நின்றால் இருக்காது, அதை வைத்துக் காயிலுக்குப் போகும் கரண்டை விடலாம், நிறுத்தலாம். ஆனால் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஆயில் விளக்கு ஸ்விட்ச் இதற்கு உதவாது. அது தலைகீழாக வேலை செய்வது: அழுத்தம் இல்லாதபோது மூடி விளக்கை எரிய வைக்கும், அழுத்தம் வந்தால் திறக்கும். அழுத்தம் வந்தால் மூடும் வகைதான் வேண்டும்.

அதை 15 லைனுக்கும் 86-க்கும் நடுவில் போட்டு, 85-ஐ பாடியில் எர்த் செய்தால் அடுத்த சிக்கல். ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் ஏற நேரமாகும், அதுவரை பம்ப் ஓடாது. சரி, ஸ்டார்ட்டர் லைனான 50-லிருந்தும் 86-க்கு ஒரு வயர் இழுத்தால் போச்சு என்று தோன்றும். இழுத்துப் பாருங்கள்: என்ஜின் பிடித்து அழுத்தம் ஏறியதும், 15-லிருந்து ஸ்விட்ச் வழியாக 86-க்கு வந்த கரண்ட் அங்கே நிற்காமல், நீங்கள் இழுத்த புது வயரிலேயே பின்னால் ஓடி ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்குப் போகும். ஓடும் என்ஜினில் ஸ்டார்ட்டர் பல்சக்கரம் போய்க் கடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் மூன்று முனை ஆயில் ஸ்விட்ச் விற்கிறார்கள். அழுத்தம் இல்லாதபோது பம்ப் பக்கத்தை ஸ்டார்ட்டர் லைனோடும், அழுத்தம் வந்ததும் இக்னிஷன் லைனோடும் மாற்றி இணைப்பது அது, இரண்டு லைனும் ஒன்றையொன்று தொடாது. இல்லையென்றால் 50-லிருந்து வரும் வயரில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1 ஆம்பியர் டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை ரிலேயைப் பார்த்து இருக்கும்படி சேர்த்தால் போதும். காயில் கரண்ட் 0.15 ஆம்பியர்தானே.

இதைவிடச் சுத்தமான வழி, என்ஜின் துடிப்பைக் கேட்கும் ரிலே. 1980-களின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களில் கம்பெனியே இதைப் பொருத்தியிருந்தது. ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் இதற்குள் போகும். துடிப்பு வந்துகொண்டிருந்தால் ரிலே மூடியிருக்கும், துடிப்பு நின்றால் உடனே விட்டுவிடும். இப்போது தனி மாட்யூலாகவும் கிடைக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கூடவே ரிலே காயிலுக்குப் போகும் வயரில் ஒரு இனர்ஷியா ஸ்விட்ச் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு இரும்புக் குண்டைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். பலமாக மோதினால் குண்டு விடுபட்டு இணைப்பைத் துண்டிக்கும், மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் பழைய நிலைக்கு வரும். ஃபோர்டு கார்கள் பலவற்றில் இது வந்தது.

டயோடு என்றதும் ஞாபகம் வருகிறது. ரிலே காயிலை அணைக்கும் கணத்தில், அதில் இருந்த காந்தப்புலம் சரிந்து நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு வெட்டு வெட்டும். சாவி அதைத் தாங்கிக்கொள்ளும், ஈசியூவின் டிரான்சிஸ்டர் தாங்காது. அதனால் பல ரிலேக்களில் காயிலுக்குக் குறுக்கே ரெசிஸ்டரோ டயோடோ உள்ளேயே வைத்துவிடுகிறார்கள். ரெசிஸ்டர் வகையில் 85, 86 மாறினாலும் ஒன்றும் ஆகாது. டயோடு வகையில் மாற்றிப் போட்டால் டயோடு வழியாக நேர் ஷார்ட். பியூஸ் போனால் பிழைத்தோம், போகாவிட்டால் ஈசியூ அவுட்புட் போகும். ரிலே மேல் உள்ள படத்தில் காயிலுக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணமும் கோடும் இருந்தால் அது டயோடு வகை.

மீட்டர் சொல்வதை எப்போது நம்பலாம்?

பம்ப் ஓடாத வண்டியில் பம்ப் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்து, "12.6 வருது, வயர் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6-தான் காட்டும். மீட்டர் கரண்டே இழுப்பதில்லை, இழுக்காத கரண்டுக்கு வோல்ட் விழாது. பம்பை மாட்டி, ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பம்பின் பாசிட்டிவில்: அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 30-க்கும் 87-க்கும் நடுவில் மட்டும் அளந்தால் 0.1, 0.2-க்கு மேல் போகக்கூடாது. போனால் காண்டாக்ட் கருகிவிட்டது. ரிலே 'டிக்' என்று சத்தம் போடுவது காயில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, கருகிய காண்டாக்டும் டிக் என்றுதான் மூடும்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை, ரீங்காரமும் இல்லை என்றால் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதன் சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் பியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் சில விநாடி இணைத்துப் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்க வேண்டும், பம்பைக் குளிர வைப்பதும் உராயாமல் காப்பதும் அந்தப் பெட்ரோல்தான். பம்ப் ஓடினால் பம்பும் பெரிய வயர்களும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ரிலேயிலோ அதற்கு உத்தரவு கொடுக்கும் பக்கத்திலோ. 1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் இது பிரசித்தம். வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது, உள்ளே சூடு தணிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். மெயின் ரிலேக்குள் இருக்கும் ஈயப் பற்று நுண்ணிய வளையமாக விரிசல் விட்டிருக்கும், சூட்டில் விரிசல் திறந்துகொள்ளும். ரிலேயைத் திறந்து மறுபடி ஈயம் வைத்தே பலர் சரிசெய்துவிட்டார்கள்.

எல்லாம் மாட்டி வண்டி ஓடியதும் கடைசியாக ஒரு சோதனை பாக்கி. முன்னால் திறந்த இடம் இருக்கட்டும். பிரேக்கை நன்றாக மிதித்து, நாலாவது கியரில் கிளட்ச்சை விட்டு என்ஜினை அணைய விடுங்கள், சாவியைத் தொடாதீர்கள். துடிப்பைக் கேட்கும் ரிலேயோ ஈசியூவோ இருந்தால் பம்ப் ஓரிரு விநாடியில் அடங்கிவிடும். ஆயில் ஸ்விட்ச் என்றால் அழுத்தம் இறங்க இன்னும் கொஞ்சம் நேரமாகும். அடங்கவே இல்லையென்றால் 85-ல் இருக்கும் வயரைப் பிடுங்குங்கள். அதோடு பம்ப் நின்றால், 85-ஐ ஈசியூ பார்க்கும் வண்டியில் காயிலுக்கு வேறெங்கிருந்தோ எர்த் வருகிறது, ஆயில் ஸ்விட்ச் போட்ட வண்டியில் 86-க்கு வேறெங்கிருந்தோ பாசிட்டிவ் வருகிறது, அந்த வயரைத் தேட வேண்டும். 85-ஐப் பிடுங்கியும் ஓடி, ரிலேயையே பிடுங்கினால்தான் நிற்கிறது என்றால் உள்ளே காண்டாக்ட் ஒட்டிப்போயிருக்கிறது, தட்டிச் சரிசெய்யாமல் தூக்கிப் போடுங்கள். ரிலேயைப் பிடுங்கியும் பம்ப் ஓடினால், 87 வயரில் நடுவழியில் யாரோ வேறு கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றிய ஒரு முடிச்சாக இருக்கும்.